கஸ்ஸல் பனியும் நாட்றம்பள்ளி வேனும்

1

ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் குடியிருப்பு முற்றத்தில் இருக்கும் செர்ரி மரம் பூவும் பனியுமாக நின்றது. எது பூ, எது பனி என்று மாடியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய முடியவில்லை. மின்விசிறியைக் கடைசி எண்ணில் சுழலவிட்டு அதன் கீழே அமர்ந்து இதைப் படிக்கும் ஆம்பூர்க்காரர்களுக்கு அது கண்குளிர்ந்த காட்சியாகவே தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. தேநீர் போடுவதற்குள் கைப்பேசியில் அடுத்த வார வானிலையைத் தேடத் தொடங்கிவிட்டேன்.

ஜெர்மனியின் நடுவே கஸ்ஸல் என்ற நகரத்தில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். வசந்தம் தாமதமாவது இங்கே புதிதல்ல. ஆனால் இந்த ஆண்டுக் குளிர் விடாப்பிடியாக இருந்தது. குடியிருப்பை நிர்வகிக்கும் அலுவலகமோ நாட்காட்டியைப் பார்த்து ஹீட்டரின் சூட்டைக் குறைத்துவிட்டது. தொலைபேசியில் அழைத்து முறையிட்டேன்.

"நிர்ணயித்த தேதி கடந்துவிட்டது, அம்மணி" என்றார் அங்கிருந்தவர்.

"வெளியே பனி பெய்கிறதே?"

"அது எங்கள் பொறுப்பில் வராது."

நான் ஸ்வெட்டரின் மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு திரும்பியபோது என் மகள் மீரா பால்கனிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு மரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதிமூன்று வயது. இங்கேயே பிறந்தவள்.

"யாருக்கு அனுப்புற?"

"ஜெயந்தி சித்திக்கு. ரொம்ப அழகு இருக்கு, இல்ல?"

ஜெயந்தி என் தங்கை. நாட்றம்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். தினமும் காலையில் கம்பெனி வேனில் ஆம்பூருக்கு வந்து, ஒரு காலணித் தொழிற்சாலையின் தையல் பிரிவில் லைன் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறாள். மீரா அனுப்பவிருந்த படத்தைத் தடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு குழந்தை தன் சித்திக்குப் பூவைக் காட்டுவதை எந்தக் காரணம் சொல்லித் தடுப்பது என்று யோசித்து முடிப்பதற்குள் படம் போய்விட்டது.

2

நான் ஏன் பதறினேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

நான் வேலை செய்வது காலணி இறக்குமதி செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தில். வேலூரில் படித்து முடித்து, திருமணமாகி இங்கே வந்து, மொழி கற்று, இரண்டு மூன்று இடங்களில் தட்டுத்தடுமாறிக் கடைசியில் சேர்ந்த இடம். எங்கள் நிறுவனம் விற்கும் கோடைச் செருப்புகளில் பெரும் பகுதி ஆம்பூரில் தைக்கப்படுகிறது. அதுவும் ஜெயந்தி வேலை பார்க்கும் அதே தொழிற்சாலையில். இதை நான் மறைக்கவில்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளே, கொள்முதல் பிரிவின் தலைவியான பிர்கிட்டிடம் சொன்னேன். "நல்லது, இனி அந்த ஊரின் பெயரைச் சரியாக உச்சரிக்க ஓர் ஆள் கிடைத்தார்" என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் ஒரு நிபந்தனையும் விதித்தார். ஆர்டர் பற்றிய எந்த முடிவும் முறையான கடிதமாக ஆம்பூருக்குப் போகும்வரை என் வாயிலிருந்து போகக் கூடாது. அது நியாயமான நிபந்தனை. நானும் ஜெயந்தியும் தொலைபேசியில் வேலை பற்றிப் பேசுவதில்லை என்று அன்றே உறுதி செய்துகொண்டோம்.

அதனால் வானிலை பற்றிப் பேசினோம். அங்கேதான் சிக்கல்.

கோடைச் செருப்பின் ஆர்டர் இரண்டு லாட்டுகளாக, அதாவது இரண்டு தவணைச் சரக்காக, வரும். முதல் லாட் குளிர்காலத்திலேயே தைத்து அனுப்பப்பட்டுவிடும். இரண்டாவது லாட், ஜூலை, ஆகஸ்ட் விற்பனைக்கானது. முதல் லாட் எப்படி விற்கிறது என்று பார்த்து ஏப்ரல் இறுதியில்தான் அதை உறுதி செய்வார்கள். இங்கே வெயில் அடித்தால் ஆட்கள் செருப்பு வாங்குவார்கள். அவர்கள் வாங்கினால் இரண்டாவது லாட் உறுதியாகும். உறுதியானால்தான் ஆம்பூரில் தோல் வெட்டத் தொடங்குவார்கள். வெட்டிய பிறகு தையல் லைனுக்கு இரண்டு மாதங்களுக்குக் குறையாமல் வேலை இருக்கும்.

இந்தச் சங்கிலியை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை. ஆனால் லைனில் உள்ள அத்தனை பெண்களுக்கும் அது தெரியும். மார்ச் மாதம் பிறந்தால் அவர்கள் கைப்பேசியில் ஆம்பூர் வானிலைக்குக் கீழே கஸ்ஸல் வானிலை வந்து உட்கார்ந்துகொள்ளும். காலையில் வேன் ஏறும்போதே ஒருத்தி உரக்கப் படிப்பாள். குடியாத்தமோ நெமிலியோ தாண்டிப் போயிராத பெண்கள், நான் குடை எடுத்துப்போக வேண்டுமா என்பதை எனக்கு முன்பே அறிந்திருப்பார்கள். சென்ற ஆண்டு ஜெயந்தி பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏம்மா கஸ்ஸல்காரி, இங்க வெயில் ஜாஸ்தியா கீது. பாதியை பார்சல் கட்டி அனுப்பட்டுமா?"

ஷபானா அக்காவின் குரல் அது. லைனிலேயே மூத்த டெய்லர். அவர் பேசினால் தையல் இயந்திரங்களின் ஓசையும் கொஞ்சம் தணியும் என்பாள் ஜெயந்தி.

3

இந்த ஏப்ரலை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டு, இரண்டாவது லாட்டை எடுப்பதா விடுவதா என்று ஒரு பரிந்துரை எழுதும் பொறுப்பை பிர்கிட் என்னிடம் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் கூட்டம்.

முந்தைய ஆண்டுகளின் விற்பனை விவரங்களையும் வானிலைக் குறிப்புகளையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தேன். தெளிவான விடை கிடைக்கவில்லை. ஈஸ்டருக்கே வெயில் கொளுத்திய ஆண்டு ஒன்று இருந்தது. எல்லாரும் துள்ளிக் குதித்து இரண்டாவது லாட்டை எடுத்தார்கள். ஜூலை முழுக்க மழை கொட்டிச் சரக்கு தேங்கியது. இந்த ஆண்டைப் போலவே குளிர்ந்த வசந்தங்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் மே மாதப் பாதிக்கு மேல் திடீரென்று வெயில் வந்து, ஒரே வாரத்தில் கடைகளில் எல்லா அளவுகளிலும் செருப்பு தீர்ந்துபோனது. இன்னொன்றில் குளிர் கோடைக்குள்ளும் நீண்டது; பாதி விலைக்கும் செருப்பு போகவில்லை.

அந்த இரண்டாவது ஆண்டின் விவரங்களைப் பார்த்தபோது அம்மா நினைவுக்கு வந்தார். எங்கள் அம்மாவும் ஆம்பூரில் காலணிக்கு மேல்பாகம் தைத்தவர். நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு கோடை நினைவிருக்கிறது. விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகும் அம்மா வேலைக்குப் போகவில்லை. கேட்டால் "கம்பெனி லீவு" என்றார். எங்களுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. மாலையில் வீட்டுக்கு வந்தால் அம்மா இருப்பார். பழைய தோல் துண்டுகளை இணைத்து எனக்கு ஒரு பை தைத்துக் கொடுத்தார். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். அந்த மாதங்களில் அம்மா ஏன் அவ்வளவு குறைவாகப் பேசினார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏதோ ஒரு நாட்டில் மழை விடாமல் பெய்தது என்று கம்பெனி கேட்டில் நின்ற யாரோ அவருக்குச் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் விட்டிருக்கலாம். என் மேசையில் இருந்த கணக்கின் குளிர்ந்த ஆண்டு அதற்கு வெகுகாலம் பிந்தியது. ஆனால் அந்த ஆண்டில் வீட்டில் உட்கார்ந்த பெண்கள் யார், அவர்கள் பிள்ளைகளுக்கு என்ன சொன்னார்கள் என்பது எதுவும் விற்பனை விவரத்தில் பதிவாவதில்லை.

4

புதன்கிழமை நான் அலுவலகத்தில் இருந்தபோது ஜெயந்தி அழைத்தாள். வேலை நேரத்தில் அழைக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை.

"அக்கா, மீரா இன்னாத்துக்கு அந்தப் போட்டோ அனுப்புச்சு?"

"பூ அழகா இருந்துச்சுன்னு அனுப்பினா. ஏன்டி?"

"பூவா? பூவை யார் பார்த்தாங்க? நான் சும்மா ஸ்டேட்டஸ்ல வெச்சேன், அக்கா பொண்ணு அனுப்புச்சேன்னு. வேன் முழுக்க அந்தப் படந்தான் இப்ப. லாட்டு கேன்சல்னு முடிவே கட்டிட்டாங்க."

"யார் சொன்னது கேன்சல்னு?"

"யார் சொல்லணும்? அங்க பனி கொட்டுது, இவ அக்கா அந்த ஆபீஸ்ல இருக்குது, வேலையைப் பத்திப் பேசக் கூடாது, அதனால போட்டோ அனுப்பி சொல்லுதுன்னு பேசிக்கிறாங்க. ஷபானாக்கா கேக்குது, 'உங்க அக்கா வாயால சொல்ல முடியாததை பொண்ணை விட்டு சொல்லுச்சா ஜெயந்தி?'ன்னு."

நான் எழுந்து அலுவலகத் தாழ்வாரத்துக்குப் போனேன்.

"சொல்லிட்டுப் போறாங்க. நாலு நாள்ல மறந்துடுவாங்க."

"உனக்குப் புரியலக்கா. பூட்ஸ் கம்பெனி வேன் வருது."

எங்கள் ஊர்ப் பக்கத்துத் தொழிற்சாலை வேலையை அறியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். நாட்றம்பள்ளியிலிருந்து ஆம்பூர் வரை நெடுஞ்சாலையோர ஊர்களில் காலையில் பல கம்பெனி வேன்கள் நிற்கும். எந்த வேனில் ஏறுகிறாயோ அந்தக் கம்பெனியில் வேலை. நிரந்தரமானவர்கள் சிலரைத் தவிர மற்றவர்களுக்கு ராஜினாமாவும் கிடையாது, சேர்க்கைக் கடிதமும் கிடையாது. ஒரு நாள் காலையில் வேறு வேனில் ஏறிவிட்டால் வேறு கம்பெனி. குளிர்காலக் காலணி செய்யும் ஒரு கம்பெனி, அதே நிறுத்தத்துக்குப் புது வேன் விட்டு, திங்கட்கிழமை முதல் ஆள் எடுப்பதாகச் சொல்லியிருந்தது. ஜெர்மனியில் பனி என்றால் பூட்ஸ் கம்பெனிக்குப் பொங்கல்.

"ரெண்டு பேர் இன்னிக்கே அங்க பேர் குடுத்துட்டாங்க. நல்ல டெய்லருங்க. திங்கக்கிழமை பாதி லைன் போய்டும்போல. ஆளே இல்லாம லாட்டு வந்து நான் இன்னா பண்றது? நானா உக்காந்து தைக்கிறது?"

அவள் சொன்னதன் முழுப் பொருளும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. லாட் ரத்தாகவில்லை. ஆனால் ரத்தாகிவிட்டது என்று நம்பி அவர்கள் போய்விட்டால், குறித்த தேதிக்குச் சரக்கு போகாது. அப்போது உண்மையிலேயே ரத்தாகும். மீரா அனுப்பிய பூவில் தொடங்கி, யாரும் பொய் சொல்லாமலே இது நடந்துவிடும்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள் ஜெயந்தி. "போக வேணாம்னு சொல்லவா, போகச் சொல்லவா? அதை மட்டும் சொல்லு."

"முடிவே ஆகலடி. எனக்கே தெரியாது."

"தெரிஞ்சா சொல்லுவியா?"

அவள் சூப்பர்வைசருக்குரிய குரலில் "சரி, லைன் ஓடுது, வெக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று மாலை மீராவிடம் நடந்ததைச் சொன்னேன். கோபப்படாமல் சொல்ல முயன்றேன், குரல் ஒத்துழைக்கவில்லை.

"நான் வெறும் மரம்தான் அனுப்பினேன்" என்றாள். பிறகு அவள் ஜெர்மன் மொழிக்குத் தாவினாள். கோபம் வந்தால் அவளுடைய தமிழ் அவளைக் கைவிட்டுவிடும். ஒரு படத்தை அனுப்பினால் அதில் இருப்பதைத்தானே பார்க்க வேண்டும், அவர்கள் ஏன் இல்லாததைப் பார்க்கிறார்கள் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சித்தி என்பவள் அவளுக்குத் திரையில் தோன்றும் ஒரு முகம், பிறந்தநாளுக்கு வரும் ஒரு பாட்டு. அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு வேன் நிறைய மனிதர்கள் உட்கார்ந்து நம் வீட்டு மரத்தைப் பார்க்கிறார்கள் என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

5

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு இரண்டு பரிந்துரைகளை எழுதிப் பார்த்தேன். ஒன்று எடுக்கச் சொல்லி, மற்றொன்று விடச் சொல்லி. ஒவ்வொன்றையும் படித்து, என் தங்கை அங்கே இல்லாமல் வேறு ஏதோ ஊரில் ஆசிரியையாக இருந்தால் இதை எழுதுவேனா என்று கேட்டுக்கொண்டேன். எளிதில் விடை வரவில்லை. நேர்மையாகச் சிந்திக்கிறேன் என்று நம்பிக்கொண்டே தன் பக்கம் சாய்வது படித்தவர்களுக்குக் கைவந்த கலை.

கூட்டத்தில் நான் பேசியதை பிர்கிட் குறுக்கிடாமல் கேட்டார். குளிர்ந்த வசந்தங்கள் இரண்டும் இரண்டு விதமாக முடிந்ததைச் சொன்னேன்.

"ஆகவே உங்களுக்குத் தெரியாது" என்றார்.

"தெரியாது."

"இருந்தும் எடுக்கச் சொல்கிறீர்கள்."

"ஆமாம். எடுத்து, நம் கணக்கு தவறினால் ஆகஸ்டில் தள்ளுபடியில் விற்போம். எடுக்காமல் நம் கணக்கு தவறினால் கடைகள் காலியாக இருக்கும். அது மட்டுமல்ல, இந்தத் தையல் லைன் கலைந்துவிடும். இந்தச் செருப்பைப் பழுதில்லாமல் தைக்கப் பழகிய கைகள் அவை. அடுத்த ஆண்டு நாம் புதிய லைனோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்போதே ஆட்கள் வேறு இடம் தேடுகிறார்கள். நாங்கள் இன்னும் எத்தனை நாள் காத்திருப்பது…"

"'நாங்கள்' என்றால் யார்?" என்றார் பிர்கிட்.

அறையில் இருந்த மற்ற இருவரும் தங்கள் கோப்பைகளைப் பார்த்தார்கள். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ சொற்களைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறேன். ஒன்றும் இப்படிச் சுட்டதில்லை.

"இதைப் பேசுவது நீங்களா, உங்கள் தங்கையா?"

"இருவரும்தான்" என்றேன். "பிரித்துக் காட்ட எனக்குத் தெரியவில்லை. அதனால் என்னை விட்டுவிட்டுக் காரணத்தை மட்டும் சோதித்துப் பாருங்கள்."

பிர்கிட் ஜன்னல் பக்கம் திரும்பினார். மறுபடி பனித்தூறல் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே முடிவைச் சொன்னார். லாட் முழுவதையும் எடுத்துக்கொள்வோம். ஆனால் கப்பலேறும் தேதி ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது. தள்ளிப்போனால் அந்தக் கணமே ரத்து.

6

அலுவலகங்களின் இயல்பு அறிந்தவர்கள் இந்த இடத்தில் நிம்மதிப் பெருமூச்சு விடமாட்டார்கள். எங்கள் நிறுவனத்தில் எந்த ஆர்டர் கடிதத்திலும் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். நான்கு கண்கள் பார்க்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. பிர்கிட்டின் கையெழுத்து வெள்ளிக்கிழமை நண்பகலுக்கு முன் விழுந்தது. இரண்டாமவர் அன்று விடுப்பில் இருந்தார். பிர்கிட்டின் அனுமதியோடு அவரை அழைத்தேன்.

"தோட்டத்தில் இருக்கிறேன். நாற்றுகளைத் துணி போட்டு மூடிக்கொண்டிருக்கிறேன். இன்றிரவு உறைபனி என்கிறார்கள்" என்றார்.

"ஒரே ஒரு கையெழுத்து. வீட்டிலிருந்தே கணினியில் போடலாமே?"

"ஆவணத்தைப் படிக்காமல் போடமாட்டேன். இரண்டாவது ஆள் இருப்பதே அதற்குத்தானே? திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் பார்க்கிறேன்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அவர் படித்துவிட்டு மறுக்கவும் கூடும். அதற்கு முன்மாதிரிகள் உண்டு. ஆனால் எங்கள் திங்கட்கிழமை காலை என்பது ஆம்பூரில் நண்பகல். வேன்கள் அதற்கு வெகுநேரம் முன்பே போய்விட்டிருக்கும்.

சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் வீட்டுக்குள் கோட்டுடன் நடந்தேன். 'நில்லுங்கள்' என்று சொல்லி, கையெழுத்து விழாமல் போனால், அந்தப் பெண்களுக்கு பூட்ஸ் கம்பெனியும் இல்லை, செருப்புக் கம்பெனியும் இல்லை. சொல்லாமல் இருந்தால், ஆள் இல்லாத லைனுக்கு ஆர்டர் போய்ச் சேரும். முதலாவது, நான் வாக்கை மீறியதால் வரும் கேடு. இரண்டாவது, நான் வாக்கைக் காத்ததால் வரும் கேடு. என் கை சுத்தமாக இருக்கிறது என்பதற்காக இரண்டாவதைச் சிறிய கேடு என்று சொல்லிவிட முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜெயந்தி அழைத்தாள். பக்கத்தில் ஆட்கள் இருப்பது மூச்சொலியிலேயே தெரிந்தது.

"ஸ்பீக்கர்ல இருக்குதுக்கா. ஷபானாக்கா, அப்புறம் நம்ம லைன்ல நாலஞ்சு பேர் வந்திருக்காங்க."

"சலாம் கஸ்ஸல்காரி" என்றார் ஷபானா அக்கா. "பனி விட்டுச்சா?"

"இல்லக்கா. இன்னும் குளிராத்தான் இருக்கு."

"போன்லயும் அதான் காட்டுது. சரி, நேரா கேக்குறேன். நாங்க பூட்ஸ் வேன்ல ஏறட்டுமா, வேணாமா?"

எனக்கு முன்னால் பால்கனிக் கண்ணாடி. மீரா சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் சொல்றதை முழுசா கேளுங்க" என்றேன். "அந்தப் போட்டோவுக்கு எந்த அர்த்தமும் இல்ல. என் பொண்ணு பூ அழகா இருக்குன்னு அனுப்பினா. நான் அனுப்பச் சொல்லல. அதை வெச்சு யாரும் முடிவு பண்ணாதீங்க. இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லக் கூடாது. சொல்லி அது தப்பாப் போச்சுன்னா உங்க பொழப்பு போய்டும், என் வேலையும் போய்டும். ஏறுங்கன்னும் சொல்ல மாட்டேன், ஏறாதீங்கன்னும் சொல்ல மாட்டேன்."

பின்னால் ஒரு பெண் மெல்ல, "அப்போ கேன்சல்னு சொல்லல?" என்றாள்.

"கேன்சல் இல்லைன்னும் சொல்லல" என்றாள் இன்னொருத்தி.

"யா அல்லா, இது இன்னா பேஜாரு!" என்று ஷபானா அக்கா சத்தம் போட்டார். "அந்தம்மா போட்டோ அனுப்புனாலும் ஜோசியம் பாக்குறீங்க, அனுப்பலைன்னாலும் பாக்குறீங்க. வாயை மூடுனாலும் விட மாட்டீங்க. அது தெரியாதுன்னு சொல்லுதில்ல? தெரியாதுன்னு எடுத்துக்குங்கடி!"

ஜெயந்தி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, தனியாக, "உனக்குத் தெரியும்" என்றாள்.

"ஜெயந்தி…"

"வேணாம். கேக்கல. இவ்ளோ நேரம் பேசினியே, அது போதும்." அவள் குரலில் கோபம் இருந்ததா, மன்னிப்பு இருந்ததா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

7

திங்கட்கிழமை காலை கண்விழித்தபோது கைப்பேசியில் ஜெயந்தியின் குரல்பதிவு காத்திருந்தது.

"அக்கா, ரெண்டு வேனும் ஒண்ணா வந்து நின்னுச்சு. நான் கீழ இறங்கி சொல்லிட்டேன், எனக்கும் தெரியாது, எங்க அக்காவும் சொல்ல மாட்டேங்குது, போறவங்க போங்க, யாரும் யாரையும் திட்டக் கூடாதுன்னு. கொஞ்ச பேர் போய்ட்டாங்க. நம்ம பக்கத்து வீட்டு சுமதிகூட அந்த வேன்ல ஏறிட்டா. அழுதுக்கினே ஏறினா, நான் இன்னா சொல்றது? ஷபானாக்கா நம்ம வேன்ல ஏறி முன் சீட்ல உக்காந்துச்சு. அது உக்காந்தவுடனே மீதிப் பேரும் ஏறிட்டாங்க. வெக்கிறேன்."

அன்று முற்பகல் இரண்டாவது கையெழுத்து விழுந்தது. நாற்றுகளை மூடிய அந்தத் தோட்டக்காரர் கடிதத்தை இரண்டு முறை படித்து, ஒரு கேள்வி கேட்டு, கையெழுத்திட்டார். கடிதம் ஆம்பூருக்குப் போனபோது அங்கே மாலைத் தேநீர் நேரம். மறுநாளே தோல் வெட்டத் தொடங்கினார்கள்.

இதை ஒரு நல்ல முடிவு என்று எழுதத்தான் ஆசை. ஆனால் லைனில் ஆட்கள் குறைவு, தேதியோ மாறாது. ஷபானா அக்கா இப்போது இரண்டு இயந்திரங்களுக்கு இடையே பாய்கிறாராம். போனவர்கள் திரும்ப முயன்றார்கள். பூட்ஸ் கம்பெனி வேலையில் சேர்ந்தவர்களை செருப்புக் கம்பெனி இந்தப் பருவத்துக்கு எடுக்காது என்று சொல்லிவிட்டது. சுமதி தினமும் காலையில் அதே நிறுத்தத்தில், ஜெயந்திக்கு நான்கடி தள்ளி நின்று, பூட்ஸ் வேனுக்குக் காத்திருக்கிறாள். இருவரும் பேசிக்கொள்வதில்லை. நான் அன்று பேசியிருந்தால் சுமதி போயிருக்க மாட்டாள். தோட்டக்காரர் மறுத்திருந்தால், போன சுமதி மட்டும் பிழைத்திருப்பாள். இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பலமுறை எடைபோட்டுவிட்டேன். தட்டு நிற்கவில்லை.

இங்கே பழைய ஆட்கள், மே மாத நடுவில் வரும் 'பனிப் புனிதர்கள்' என்ற சில நாட்கள் கழியும்வரை செடிகளை வெளியே வைக்கமாட்டார்கள். அந்த நாட்களும் இந்த வாரம் கழிந்துவிட்டன. குளிர் கழியவில்லை. செருப்புக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஆம்பூர்ச் செருப்புகள் வரிசையாக நிற்க, அதற்கு முன்னால் ஆட்கள் கழுத்துத்துணியோடு விரைந்து நடக்கிறார்கள்.

நேற்றுக் காலை குப்பை கொட்டப் போன மீரா மூச்சிரைக்க மேலே வந்தாள். கீழ் வீட்டு முதியவர் கம்பளிக் காலுறைக்கு மேல் செருப்பு அணிந்து நின்றாராம். அவருடைய கால்களை மட்டும் அவரிடம் கேட்டுப் படம் எடுத்திருந்தாள். அது எங்கள் நிறுவனத்தின் செருப்பேதான். அவள் படத்தை யாருக்கும் அனுப்பியிருக்கவில்லை.

"அம்மா, இதை சித்திக்கு அனுப்பலாமா?"

நான் அந்தக் கால்களை நெடுநேரம் பார்த்தேன். நாளைக் காலை வேனில் இந்தப் படம் என்னவாகும் என்று யோசித்தேன். மீராவும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"போன் போட்டுப் பேசு" என்றேன்.

அவளே அழைத்தாள். அங்கே மதியச் சாப்பாட்டு வேளை. "சித்தி, குளிர்தான் இருக்கு. ஆனா கீழ தாத்தா உங்க செருப்பு போட்டாரு. சாக்ஸ் மேல" என்று உடைந்த தமிழில் சொன்னாள். எதிர்முனையில் ஒரு பெரும் சிரிப்பு எழுந்தது. பல பேர் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு ஷபானா அக்கா போனை வாங்கிக்கொண்டார்.

"கண்ணு, நல்லா கேட்டுக்கோ. அங்க நிஜமா வெயில் வந்துச்சுன்னா ஒரு போன் போடு. போட்டோ வேணாம்."

"சரி ஆன்ட்டி" என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

இன்று காலை எழுந்ததும் அவள்தான் முதலில் பால்கனிக் கதவைத் திறந்தாள். கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தினாள். கைப்பேசி மேசைமேல் அப்படியே இருக்கிறது.